மேடேறும் கியர்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே இருவரும் நலம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். போனில் பேசினால் பக்கத்தில் வந்து நிற்பார். அதனால்தான் கடிதம்.

முதலில் அப்பாவின் சைக்கிள் விஷயம். கியர் சரியாக விழவில்லை என்று ஒரு வரி எழுதியதற்கு நீ நாலு பக்கம் பதில் எழுதியிருந்தாய். அதன்படியே செய்தேன். பழைய போர்வையை விரித்து வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக மாற்றினேன். சின்னப் பல்சக்கரங்களில் குறையில்லை. மேடேறப் பயன்படும் பெரியதுக்குப் போகும்போது மட்டும் ஏறுவதா வேண்டாமா என்று செயின் தடதடத்தது. கேபிள் நுழையும் இடத்திலுள்ள குமிழை நீ சொன்ன பக்கம் கால் சுற்று திருப்பினேன், பிறகு இன்னொரு கால் சுற்று. கொஞ்சம் அடங்கியது, முழுதாக இல்லை.

முனைக்கடை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர்தான், எதைக் கேட்டாலும் ‘பொறுமையா பாக்கலாம்மா’ என்பாரே, நீங்கள் எல்லோரும் பொறுமை என்று பெயர் வைத்தவர். செயினைத் தள்ளும் கை லேசாக உள்ளே வளைந்திருப்பதைக் காட்டி, நிமிர்த்தித் தந்தார். பிறகு பெரிய பல்சக்கரத்தை விரலால் தடவிவிட்டு, “இது ஏன் இப்படித் தேஞ்சிருக்கு? சார் தினம் மலை ஏறுறாரா?” என்றார். சிரிப்புக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலிருந்து அப்பாவின் ஆபீஸ்வரை உருண்டைக் கல்லை வைத்தால் அது அங்கேயே நிற்கும், அவ்வளவு சமமான சாலை. ஊரில் மேடு ஒன்றே ஒன்று, வடக்கே. நாலு மாதமாக அவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறார். கேட்டால் வேலை அதிகம் என்பார். நாற்பத்தாறு வயதில் இதை மகனுக்கு எழுதக் கூசுகிறது. நான் அவருடைய சட்டைகளை முகர்ந்து பார்த்தேன். ஏதோ மருந்து சோப்பின் வாசம்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் வரும், அதையும் சந்தேகப்படுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் செவ்வாய்க்கிழமை காலை ஒரு காரியம் செய்தேன். எல் என்று பொறித்த ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே முடுக்கினேன். அப்படிச் செய்தால் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறவே ஏறாது. சமதரையில் போகிறவருக்கு அது தெரியப்போவதில்லை.

அன்று சாயங்காலம் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் வந்தார். கால் ஊற வைக்க வெந்நீர் கேட்டார். எதிர்காற்று என்றார். அன்று ஓர் இலைகூட அசையவில்லை. வியாழக்கிழமை பார்த்தால் ஸ்க்ரூ பழைய இடத்துக்கே வந்திருந்தது. பல்பு மாற்றக்கூட உன்னைக் கூப்பிட்ட மனிதர்!

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. சாப்பாடு, பரீட்சை எல்லாம் எழுதிவிட்டு அடியில் ஒரு வரி: “எல் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீங்கம்மா, செயின் மேலே ஏறாது.” அதைத் தொட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா உனக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார், நீ வழி சொல்லியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ. அதுவரை ஒருவர்மேல் இருந்த சந்தேகம் இருவர்மேலாயிற்று.

நேற்று நூலகத்துக்கு லீவு போட்டுவிட்டு மத்தியானம் பஸ்ஸில் மேட்டுக்குப் போனேன். உச்சியில் தண்ணீர்த் தொட்டியும், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லமும்தான் இருக்கின்றன. வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். பேர், யாரைப் பார்க்க, உறவு என்று கட்டங்கள். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து வேலை நாள் தவறாமல் இருந்தது. யாரைப் பார்க்க என்ற இடத்தில் உன் அத்தையின் பெயர். உறவு என்ற இடத்தில் ‘தம்பி’. பின்னால் புரட்டினேன். நீ லீவுக்கு வந்திருந்த நாட்களில் ஆறு முறை, உன் கையெழுத்தில் ‘மருமகன்’.

நான் யாரைத் தேடிவந்தேன் என்று வாட்ச்மேன் ஊகித்துக்கொண்டார். “அந்தம்மாவையா பாக்கணும்? சாயங்காலம் அவங்க தம்பி வருவாரும்மா. செவ்வாக்கிழமை பாவம், சைக்கிளைத் தள்ளிக்கிட்டே மேல வந்தாரு. மூச்சு வாங்கி இந்த ஸ்டூல்லயே உக்காந்துட்டாரு” என்றார்.

என் உறவை எழுதப் பேனாவை எடுத்தேன். தம்பி மனைவி என்ற இரண்டு சொல்தான். எழுத வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. சின்னவன் வயிற்றில் தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, “வேலை வேலைன்னு ஓடினா எப்படித் தங்கும்?” என்று கேட்டார் உன் அத்தை. இனி அவர் பெயரை இந்த வீட்டில் யாராவது எடுத்தால் நான் இங்கே இருக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். யாரும் எடுக்கவில்லை. பதினொரு வருடமாக அதை என் வெற்றி என்று நினைத்திருந்தேன். வீட்டு ஆண்கள் இருவருக்கும் பொய் பழக்கிக் கொடுத்திருக்கிறேன் என்று நேற்று பஸ்ஸில்தான் தோன்றியது.

அவர் சொன்னது சரியென்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கோபமும் போய்விடவில்லை. உன்மேலும் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இன்று காலை கேபிளை மறுபடி இழுத்துப் பிடித்து, கால் கால் சுற்றாக வைத்துப் பார்த்தேன். இப்போது பெரிய பல்சக்கரத்துக்குச் சத்தமில்லாமல் ஏறுகிறது. அவர் நாளைக்குத் தெரிந்துகொள்வார். கேட்கிறாரா பார்ப்போம்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஆறு முறை பார்த்திருக்கிறாய். அத்தைக்கு ஆள் தெரிகிறதா, பேச்சு வருகிறதா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்டிருந்தால் கேட்டதை அப்படியே எழுது, கசப்பாக இருந்தாலும். கேட்கவில்லை என்றால் அதையும் எழுது. அம்மா மனம் நோகுமே என்று நல்லதாக ஒன்றை இட்டுக்கட்டாதே.

நான் எழுதியதை அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

யாரும் யாரிடமும் எதையும் ஒளிக்க வேண்டாத வீடு உனக்கு அமையட்டும்.

பதிலை நூலக விலாசத்துக்குப் போடு.

உன் அம்மா