மூன்றாம் நாள் கரைந்த பந்து

அன்புள்ள ஜுலைகா, ஸலாம்.

இரண்டு மாதமாக உன் போனை எடுக்காதவன் எழுதுகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

தென்காசியில் நீ செய்த பாலிமர் பந்து, ஓமனில் நான் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றுக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் குழாய்க்குள் போட்டேன். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் வழியை அடைத்துக்கொண்டு, பம்பின் முழு அழுத்தத்தையும் தாங்கியது. அந்த அழுத்தத்தில் பாறையைப் பிளக்கும் வேலை முடிந்ததும் அது தானாகக் கரைய வேண்டும். கரையாவிட்டால் கருவியை இறக்கி உடைத்தெடுக்க வேண்டும், நாள்கணக்கில் வேலை.

எங்கள் ஃபோர்மேன் செங்கோட்டை அண்ணாச்சி சிரித்தார். "கரைஞ்சு போறத எவம்லே நம்புவான்?"

இந்தப் பந்துக்காகக் கல்லூரி வேலையை விட்டுவிட்டதாகக் குற்றாலத்தில் வைத்து நீ சொன்னபோது, நானும் இதைத்தான் கேட்டேன். இன்னும் மோசமாகக் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை, பந்தோடு வந்த தாளில் நீ குறித்திருந்த நேரத்துக்கே வழி திறந்தது. எண்ணெய் பொங்கி வந்தது! எல்லோரும் கத்தினோம். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏலே, யாரு செஞ்சதுலே இது?"

"எம் பொண்டாட்டி."

அவருக்குக் கேட்டிருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

மற்ற கிணறுகளுக்கும் இதே பந்துதான் என்று முடிவாகிவிட்டது. அறிக்கையில் செய்தவர் பெயரைப் போட இன்ஜினியர் கேட்டபோது, பேனாவை வாங்கி நானே எழுதினேன்: முனைவர் ஜுலைகா பானு, தென்காசி.

உன் வீட்டுக்காரன்