வெட்டிய ஓரம்

அபி,

குன்றக்குடி மலைப் படத்தில் ஓரமாக நின்ற என்னை வெட்டிவிட்டு ஃபேஸ்புக்கில் போட்டதுதான் அப்பா கடைசியாகச் செய்த வேலை. மறுநாள் காலை அவர் எழவில்லை.

"எல்லாப் படத்துலயும் என்னைய நிக்கவச்சுட்டு அப்புறம் ஏன் வெட்டுறீக?" என்று அன்றும் கேட்டேன்.

"வெட்டலடி, வீட்ல வச்சுக்கிறேன். எவனாச்சும் களவாண்டா, முழுப்படம் யாருகிட்ட இருக்குன்னு கேக்கலாம்ல?" என்றார்.

அந்தப் படத்தைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்ட லாட்ஜ்காரர், அது அப்பா எடுத்ததுதான் என்பதற்கு அத்தாட்சி பார்க்கப் பத்து மணிக்கு வருகிறார். அப்பாவின் கணினியில் முழுப்படத்தைக் காட்டு. போனில் படம்பிடிக்க விடாதே. ஒத்துக்கொண்டால் காபி கொடு. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கொடு, வீடு தேடி வந்தவர்.

நான் ரேஷன் கடைக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வெளியே கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டுச் சோணையம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போ.

இன்னொன்று. அப்பா நினைவுநாளுக்கு முழுப்படத்தையும் போடலாமா என்று நீ கேட்டதற்கு நேற்றுக் கத்திவிட்டேன். இப்போது கோபம் இல்லை. ஆனாலும் போடாதே. ஊரே மலையைப் பார்க்கும் அந்தப் படத்தில், நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா