செலின் காலுக்கு ஐந்தாம் இடம்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. நெரவியில் சம்பா வயல் முழுக்கத் தண்ணீர். பத்திரிகைக்குப் படமும் எட்டு வரியும் அனுப்பினேன். டெஸ்க்கில் நாலாக்கிவிடுவார்கள். குடைக் கம்பி ஒடிந்தது.

மகள் ஜென்சி மூன்று நாளாக ஒரு வேலைக்கான தேர்வுக் கட்டுரையோடு மல்லுக்கட்டுகிறாள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று. ஏழை நாடுகளில் நோய் தீர்க்கப் பணம் கொடுப்பவர்கள். எந்த நோய்க்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்று ஆராய்ந்து சொல்லும் வேலை. ஐந்து நோய்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். "இங்கிலீஷ் மட்டும் பாருங்கப்பா" என்றாள்.

பார்த்தேன். பிழை இல்லை. முதலில் குழந்தைகளுக்கு வரும் மலேரியா. கடைசியாக, ஐந்தாவதாக, யானைக்கால்காரர்களின் கால் பராமரிப்பு. காரணம்: இதனால் யாரும் சாவதில்லை.

யானைக்கால் இவள் அம்மா செலினுக்கு. நான் இதைப் படிக்கும்போது அடுத்த அறையில் அவள் வலது காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினப்படி வேலை.

"அஞ்சாவதாடி?"

"அம்மாவ மனசுல வச்சு மார்க் போட்டா அதுக்குப் பேரு வேறப்பா. உங்ககிட்ட வேலை பாக்குற பையன் அப்படி எழுதுனா விடுவீங்களா?"

விடமாட்டேன். அதனால்தான் இவ்வளவு எரிகிறது. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். பால், தீப்பெட்டி, குடை ரிப்பேர். தீப்பெட்டி மறந்தது.

நவம்பர் 13, வியாழன்

தூறல். ஜென்சிக்கு நேர்காணல், வீடியோவில். நெட் ஒழுங்காகக் கிடைப்பது முன்னறையில் மட்டும். அங்கே செலின், நெறி கட்டிக் காய்ச்சலோடு, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து. எழுப்ப மனமில்லை. ஜென்சி கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் வாசலில்.

நன்றாகவே பேசினாள். முடிக்கும்போது அந்தப் பக்கத்து அம்மாள் கேட்டார்: இந்த ஐந்தில் ஏதாவது உங்களுக்கோ, வீட்டில் யாருக்காவதோ உண்டா?

"இல்லை" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. இரண்டு முழம் தள்ளி அம்மாவின் கால்.

முடிந்ததும் கத்தினேன். வரிசை உன் அபிப்பிராயம், அது வேறு. இது பொய். பத்திரிகையில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போடுகிறோமா இல்லையா?

"தானா வாயில வந்துருச்சுப்பா." அழுதாள்.

தானாகத்தான் வந்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இந்த வீட்டில் அதுதான் பதில். "வீட்ல யாருக்கும் வியாதி கியாதி?" "மாதா புண்ணியத்துல ஒண்ணும் இல்லீங்க." புடவையைத் தரை கூட்ட இறக்கிக் கட்டிக்கொண்டு செலின் சொல்லுவாள். இவள் காபித் தட்டோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

கத்தலில் செலினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "யாருகிட்டயும் சொல்லக் கூடாது. நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?" கஞ்சியும் வேண்டாமென்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது. கலெக்டர் ஆபீஸ் பிரஸ் மீட். போன வருஷத்துக் காகிதத்தையே வாசித்தார்கள். டீ மட்டும் சூடு.

வீட்டில் மூன்று பேர், மூன்று மூலை. சாயங்காலம் செலினுக்குக் காய்ச்சல் இறங்கியது. காலுக்குத் துணி சுற்றிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல்:

"உள்ளத எழுதிப் போட்ருடி. அவங்க என்ன நம்ம வீட்டுக்குப் பொண்ணு கேட்டா வராங்க?"

ஜென்சி எழுதி அனுப்பினாள். நான்கே வரி. நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

வெயில், புழுக்கம். பதில் வந்துவிட்டது. ஜென்சி போனை முதலில் என்னிடம் கொடுத்தாள். முழுவதும் படித்தேன். இரண்டு முறை. பிறகு அம்மாவிடம் போய்த் தமிழில் சொன்னாள். நேர்மைக்கு நன்றி. வேலை உண்டு. பாரபட்சம் கூடாது என்பதால் இவள் வரிசையிலிருந்து யானைக்காலை நீக்கிவிட்டு, மீதி நான்குக்குத்தான் மதிப்பெண் போட்டார்களாம்.

"அப்ப அஞ்சாவதுகூட இல்லையா?"

"இல்லம்மா."

பொய் சொன்னபோது கடைசி இடமாவது இருந்தது. உண்மையைச் சொன்னோம், அதுவும் போயிற்று. நன்றியாம். யாருக்கு வேண்டும் இவர்கள் நன்றி?

செலின் சிரித்தாள். "சரி விடு. போயி வேலையில சேரு. சேந்து, அத நீயே திரும்ப எழுதி உள்ள வையி."

ஜென்சி என்னைப் பார்த்தாள். பதிலின் கடைசிப் பத்தியை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த பிறகும் யானைக்கால் பற்றிய எந்த முடிவிலும் இவள் கலந்துகொள்ளக் கூடாது.

"என்னங்க, நீங்களும் சொல்லுங்க அவகிட்ட" என்றாள் செலின்.