ஜமீலா, உன் பக்கம் மூடப்படவில்லை

என் பிரியமுள்ள ஜமீலாவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். விசாலத்துக்குப் போனில் ஆப் இறக்கத் தெரியாது, தனக்குத் தெரியாதது ஊருக்கும் வேண்டாம் என்று அடம்பிடித்தாள் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. கடைத்தெருவில் சொல்கிறார்கள், கொள்முதல் நிலையத்தில் சொல்கிறார்கள், உன் எதிர்வீட்டிலும் சொல்கிறார்கள். தவறு. அறுவடை மெஷினுக்குப் பதிகிற அந்த ஆப்பை நம் ஊரில் முதலில் இறக்கியவர்களில் நானும் ஒருத்தி. என் வயலைப் பதிந்ததும் "உங்கள் வயலை வெற்றிகரமாகச் சமர்ப்பித்துவிட்டீர்கள்" என்று வந்தது. யாருக்குச் சமர்ப்பித்தேன் என்று கேட்டு அதை நடத்தும் கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை.

ஆப் வரட்டும், யார் வேண்டாம் என்றது? அது வருவதற்காக நீ செய்துவைத்த இணையப் பக்கத்தை மூட வேண்டும் என்றார்கள். அதைத்தான் மறுத்தேன்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாதே. உயிரோடு இருந்தவரை ஒரு வாக்கியத்தையாவது என்னை முடிக்க விட்டிருக்கிறாயா?

இதை உன் பக்கத்திலேயே, மெஷின் வரிசைக்குக் கீழே போடப்போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் பழையதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்க்கொண்டிருந்த காலம் அது. நீ எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாய். பிறகு உன் வீட்டுக்காரர் தோஹாவிலிருந்து அனுப்பியதில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பூத்தைப் பிரவுசிங் சென்டர் ஆக்கினாய். புருஷன் முகத்தைத் திரையில் பார்க்க வரும் பெண்களுக்காக நடுவில் ஒரு பச்சைத் திரைச்சீலை கட்டினாய். அவர்கள் பேசும்போது வேண்டுமென்றே மின்விசிறியைச் சத்தமாக ஓடவிடுவாய்.

கான்வென்டில் தையல் வகுப்பு உனக்கு நினைவிருக்கும். சிஸ்டர் நம் எம்பிராய்டரியை வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கத்து ரோஜாவுக்கு அவரிடம் மதிப்பு கிடையாது. பின்பக்கம் நூல் எப்படி ஓடுகிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்பதற்குத்தான் மார்க். உன்னுடையது எப்போதும் காக்காய்க் கூடு மாதிரி இருக்கும்.

அந்த நீ ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாய். "விசாலம், இங்க வாயேன்டி. இந்த வெப்சைட்டு எல்லாத்தையும் திருப்பிப் பாக்கலாம்டி! ஒரு பட்டன அமுக்குனா பின்பக்கம் எழுதியிருக்குற புரோகிராம் அப்படியே தெரியுது. ஏன் பாக்குறேன்னு ஒருத்தர் கேக்கல!"

அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தே கற்றுக்கொண்டாய். வகுப்புக்குப் போகவில்லை, யார் அனுமதியும் வாங்கவில்லை.

அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் மெஷின் வரத் தொடங்கியபோது கூடவே சண்டையும் வந்தது. நம் வயல்களில் பாதிக்குச் சாலை கிடையாது. முன்வயலை அறுத்தால்தான் மெஷின் அதன் மேல் ஏறி உள்வயலுக்குப் போக முடியும். அறுத்த வயலில் யாருடைய மெஷினும் போகலாம். கதிர் நிற்கும் வயலில் யாரும் இறங்கக் கூடாது. இது எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆனால் இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். நீ அதைத்தான் ஓர் இணையப் பக்கமாகச் செய்துவைத்தாய். எந்த வயலுக்கு எந்த வயல் வழி என்பதைச் சொல்லிவைத்தாய். வரிசை தானாக வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் நிலக்காரரும் வரப்பில் நிற்கும் குத்தகைக்காரரும் வலங்கைமான் பக்கம் வேலை முடித்துவரும் டிரைவரும் ஒரே வரிசையைப் பார்த்தார்கள். பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை. முகவரியை அடித்தால் திறந்தது. என் பங்கு, நீ "அருவடை" என்று எழுதியதை "அறுவடை" ஆக்கியது மட்டும்.

நீ போன மறுவருஷம் அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். உன் மகன் அன்வருக்கு அவர்களை மிகவும் பிடித்துவிட்டது. தோஹாவிலிருந்து கூப்பிட்டான்.

"பெரியம்மா, அம்மா பண்ணது பழசாயிடுச்சு. இவங்க ஆப் ஜோரா இருக்கு. மெஷின் எங்க வருதுன்னு மேப்புலயே காட்டுது."

"காட்டட்டும். அதுக்குப் பக்கத்த ஏன்டா மூடணும்?"

"ரெண்டு இருந்தா ஜனங்க குழம்பிடுவாங்களாம். அம்மாவோட அட்ரஸ்ல வந்தா நேரா ஆப்புக்குப் போற மாதிரி வெச்சுக்குறாங்களாம்."

"நம்ம தெருவுல ரெண்டு டீக்கடை இருக்கு. எவனாவது குழம்பிப்போயி டீ குடிக்காம வீட்டுக்குத் திரும்புனானா?"

சிரித்தான். ஆனால் விடவில்லை. நீ அந்த முகவரியை என் பெயரில் பதிந்து வைத்திருந்தாய், "பாஸ்வேர்ட மறக்காதவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்டி" என்று. அதனால் நான் சரி என்றால்தான் மூட முடியும். இந்த அறுவடை வரைக்கும் இரண்டும் இருக்கட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். ஊர் சொல்லும் அடம் இவ்வளவுதான்.

வெளியே அப்படிச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது, ஜமீலா. அவர்கள் சொல்வதுதான் சரியோ? பக்கங்களின் காலம் முடிந்துவிட்டதோ? இனி மனிதருக்குப் பயன்படுகிற எதுவும் யாரோ ஒருவருடைய பூட்டிய கேட்டுக்குள்தான் இருக்குமோ? செத்துப்போன ஒன்றை உன் நினைவுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறேனோ? நீ இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

பொங்கலுக்கு உன் மகள் ஷஹீரா சென்னையிலிருந்து வந்தாள். அவளுக்கு வெப்சைட் செய்வதுதான் உத்தியோகம் என்பதால் அவளிடமே கேட்டேன்.

"யாரு பெரியம்மா முடிஞ்சுபோச்சுன்னு சொன்னது? வெப்புல இப்ப என்னென்னமோ முடியும். அம்மா எழுதுன புரோகிராம இத்தன நாள் நான் தொடாம வெச்சிருந்ததுதான் தப்பு."

உன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தபோது உன் பக்கம் போன் முகப்பில் ஒரு சின்னப் படமாக வந்து உட்கார்ந்துவிட்டது, நெற்கதிர்ப் படம். போனில் இருக்கும் ஆப் கடைக்குப் போய் இறக்க வேண்டியதில்லை. சிக்னல் போனாலும் கடைசியாகப் பார்த்த வரிசை இருக்கும். பழைய போனாக இருந்தால் இந்த அழகெல்லாம் வராது, உன் பழைய பக்கம் மாதிரி வரிசை மட்டும் வரும்.

"இப்ப இது பக்கமா, ஆப்பா?" என்றேன்.

"பக்கந்தான். ஆப் செய்யற வேலையச் செய்யுது."

"திருப்பிப் பாக்கலாமா?"

திருப்பிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நூல் ஓடியிருந்த விதம் சுத்தமாக இருந்தது. இவளுக்குச் சிஸ்டர் முழு மார்க் போட்டிருப்பார். உன் மகளா இவள்?

பிறகு அறுவடை. ஷஹீராவும் அதுவரை ஊரில் இருந்தாள். காலையில் மெஷின் வந்து சாலையில் நின்றது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. டிரைவர் போனைப் பார்த்துவிட்டு, "ஆப்புல இந்த வயல்தாங்க மொதல்ல போட்டிருக்கு" என்று கையை நீட்டினார். அது உன் வயல். சாலைக்கும் அதற்கும் நடுவில் செல்வத்தின் குத்தகை நிலம், கதிர் சாய்ந்து முற்றி நிற்கிறது.

ஆப்பில் யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு முதல் இடம். தோஹாவில் நல்ல சிக்னலில் உட்கார்ந்திருந்த அன்வர், பதிவு திறந்த உடனே அழுத்திவிட்டான். அம்மா வயல்தான் முதல் என்று அவனுக்குப் பெருமை வேறு. செல்வத்தின் போனில் அந்த ஆப் இறங்கவே இல்லை, பழைய போன்.

"என் வயல்மேல ஏத்திப் பாருங்க, மெஷினுக்கு முன்னாடி படுத்துக்குவேன்" என்றான் செல்வம்.

"நான் ஏங்க ஏத்தப்போறேன்? ஆனா வரிசைய மாத்துனா எனக்கு அடுத்த வாடகை வராதுங்க. அவங்க மாத்தித் தரணும்."

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். விவசாயிகளே நாட்டின் முதுகெலும்பு என்று ஒரு பெண்குரல் பதிவு ஓடியது. திரும்பத் திரும்ப அதுவே ஓடியது.

நான் அன்வரை வீடியோவில் கூப்பிட்டேன். "டேய், உன் வயலுக்கு எப்படிடா மெஷின் போகும்?"

"ஏன், ரோட்டுலேர்ந்து நேரா..."

"ரோடு எங்கடா இருக்கு?" போனைத் திருப்பிக் காட்டினேன்.

அவன் திரையில் முகத்தை நெருக்கிப் பார்த்தான். "செல்வம் அண்ணன் வயல் தாண்டித்தான் போகணும்ல... மறந்தே போச்சு பெரியம்மா."

"உங்கம்மா மறக்கல. பக்கத்துல போட்டுவெச்சுட்டுத்தான் போனா."

வரப்பில் நின்ற ஷஹீரா உன் பக்கத்தைத் திறந்து டிரைவரிடம் நீட்டினாள். செல்வமும் தன் போனில் முகவரியை அடித்தான். சிக்னல் ஒரே கோடு. திரை கொஞ்சம் யோசித்தது, வரிசை வந்தது. முதலில் செல்வம், பிறகு நீ, கடைசியில் நான். அன்வர் அங்கிருந்தே தன் பதிவை ரத்து செய்தான். டிரைவர் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு வரிச ஒழுங்கா இருந்தாப் போதுங்க, எங்கேர்ந்து வந்தா என்ன" என்று வண்டியில் ஏறினார்.

செல்வத்தின் நெல் நனையவில்லை. உன் நெல்லும் நனையவில்லை. என் வயல் உள்ளே தள்ளி இருப்பதால் மழை முந்திக்கொண்டது; ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பியனுப்பிவிட, சாலையில் காயப்போட்டு அள்ளினேன். சுயநலத்துக்காகப் பக்கத்தைக் காப்பாற்றினாள் என்று சொல்லலாமென்று இருந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

சாயங்காலம் அன்வர் கூப்பிட்டான். "பெரியம்மா, அவங்ககிட்ட சொல்லிட்டேன். ஆப் இருக்கட்டும். அம்மா பக்கமும் இருக்கட்டும். மூட வேணாம்."

சரி என்று போனை வைத்தேன். மேசையில் காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. ஆறிய காபியை நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். நன்றாகவே இருந்தது. 

ஆப்பை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். மெஷின் மேப்பில் ஊர்ந்துவருவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன், அதன் தமிழைத் தவிர.

இன்னொரு செய்தி. மன்னார்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் உன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அதே மாதிரி தங்கள் ஊர் வயல்களுக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, நீ யாரைக் கேட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. போன் தயாரிக்கிற கம்பெனிகள் ஆப்புக்குத் திறக்கிற சில கதவுகளைப் பக்கங்களுக்கு இன்னும் முழுசாகத் திறப்பதில்லை என்கிறாள் ஷஹீரா. சில போன்களில் முகப்பில் படத்தை வைப்பதற்கே தேட வேண்டியிருக்கிறது. நாளைக்கு அவர்கள் மனம் மாறி, இந்த வழியை அடைத்தால்? அறுத்த வயலில் யாரும் போகலாம் என்பதை இங்கே யார் எழுதிவைத்தார்கள்? போய்க்கொண்டே இருந்தோம், அதனால் வழி இருக்கிறது. இதுவும் அப்படித்தானா? உனக்கு என்ன தோன்றுகிறது?

ஒரு வாக்கு தருகிறேன். நான் இருக்கும்வரை உன் பக்கத்தின் முகவரி மாறாது. எந்தப் போனில் அடித்தாலும் திறக்கும். எனக்குப் பிறகு ஷஹீரா பார்த்துக்கொள்வாள். அவள் பெயரையும் சேர்த்துப் பதிந்தாகிவிட்டது. பாஸ்வேர்டை மனப்பாடமாக மூன்று முறை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கடிதத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. பெயர் கேட்காது, எண் கேட்காது, எங்கிருந்தும் எழுதலாம் என்கிறாள் உன் மகள். கனவில் வந்து சொல்லாதே. விடிந்தால் பாதி மறந்துவிடுகிறது, மீதியை யாரும் நம்புவதில்லை. பதிலை எழுத்தில் போடு. பிழை இருந்தால் இந்த ஒரு தடவை திருத்த மாட்டேன்.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா,
விசாலாட்சி