நூல்கட்டையும் என் மணிக்கட்டும்

12-8-1954, வியாழன். சதுரங்கப்பட்டினம்.

காலையில் குளிப்பாட்டும்போது பாப்பா என் கையிலிருந்து நழுவிவிட்டாள். நல்லவேளை, மடியில்தான் விழுந்தாள், சிரிக்கவும் செய்தாள். எனக்குத்தான் உயிரே போய்விட்டது. பிரசவத்திலிருந்து இரண்டு மணிக்கட்டிலும் வலி. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்களை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மத்தியானம் பக்கத்து வீட்டு பாத்திமா வந்தாள். என் வயதுதான். நாள் முழுக்க கைமிஷினில் ரவிக்கை தைப்பவள்.

"இன்னாக்கா, புள்ள கத்துது, தூக்காம பாத்துகினு கீறே?"

அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்கும் இதே பேஜாருதான்" என்று, உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே தொட்டுக் காட்டினாள். "இங்க அமுத்திக்கோ."

அமுக்கினேன். அமுக்கிய கட்டைவிரல் அதைவிட வலித்தது.

"பி.ஏ. படிச்சி இன்னாக்கா புண்ணியம்? வெரல ஏன் புடிச்சிகினு தொங்குற?" என்று சிரித்து, நூல் தீர்ந்த மரக்கட்டை ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். அதை மேஜைமேல் வைத்து, அவள் காட்டிய இடம் அதன்மேல் படும்படி கையைக் கவிழ்த்து, இருபது எண்ணும்வரை மெல்ல அழுத்தினேன். சாயங்காலத்துக்குள் மூன்று முறை. வலி போகவில்லை; பாதியாயிற்று.

விளக்கேற்றியதும் பாப்பா அழுதாள். வழக்கம்போல் தூக்கித் தர அவர் தொட்டிலருகே வந்துவிட்டார். அதற்குள் நானே தூக்கிவிட்டேன். நழுவவில்லை. ஈர வாயை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

"இனிமே என்னைக் கூப்பிட மாட்டியா?" என்றார், வெறுங்கையோடு.

பாவமாக இருந்தது. காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் அம்மா வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. "நாளையிலிருந்து குளிப்பாட்டுறது நான்" என்றார்.

பயத்தம்மாவு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.