லயத்துக்குக் குறைந்த ஆபத்து

கீழ்க்கணக்கு,
பெல்மதுளை.
2025 செப்டம்பர் 7

தங்கச்சி ஷாமிளாவுக்கு,

அம்மா சுகம். உன் சுகத்தை விசாரிக்கச் சொன்னாங்க. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீர்மின் திட்டச் சுரங்கப்பாதைக்கு வெடி வைக்கும்போதெல்லாம் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் அத்தனையும் ஆடுகின்றன. அம்மாவின் காம்பராச் சுவர் வெடிப்பில் என் கை நுழைகிறது. சுரங்கக்காரர்களிடம் சண்டைக்குப் போனேன். கடன் கொடுக்கும் வங்கியின் அறிக்கையை எடுத்துக் காட்டினார்கள். ‘லயம், பன்னிரண்டு குடும்பங்கள், குறைந்த ஆபத்து.’ கீழே உன் கையெழுத்து.

உன்னைப் படிக்கவைக்கத்தான் நான் பேராதனை மேற்படிப்பை விட்டேன். சொல்லிக்காட்டவில்லை. இல்லை, சொல்லிக்காட்டுகிறேன்தான்.

மழைக்கு முன் அதைத் திருத்து.

அண்ணன்
இந்திரகுமார்

கொழும்பு
செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணா,

அவ்வளவு கோபத்திலும் அம்மா சுகம் என்று முதலில் எழுதினீங்களே.

அதிக ஆபத்து என்று போட்டால், லயத்து ஆட்களை முதலில் வேறு இடத்தில் குடியேற்ற வேண்டும். அதுவரை கடனின் அடுத்த பகுதியை வங்கி விடாது. வேலை ஒரு வருஷம் நிற்கும். காணி உறுதிப் பத்திரம் இல்லாதவர்களை ‘குறைந்த ஆபத்து’ என்று போடச் சொன்னார்கள். போட்டேன். நான் லயத்துப் பிள்ளை என்று இங்கே யாருக்கும் தெரியாது அண்ணா.

ஐப்பசி மழை தொடங்குமுன் அம்மாவை மட்டும் என்னிடம் அனுப்பிடுங்க. வாசித்ததும் இதைக் கிழித்துப் போடுங்க.

உங்கள்
ஷாமி

கீழ்க்கணக்கு
செப்டம்பர் 23

ஷாமிளா,

கிழிக்கவில்லை.

வங்கிக்கு எழுதியது, ‘குறைந்த ஆபத்து.’ எனக்கு எழுதியது, ‘அம்மாவை மட்டும் அனுப்பு.’ அப்படியானால் ஆபத்து உனக்குத் தெரியும். பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மாக்காதான் உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்தாங்க. அவங்களை யார் வீட்டுக்கு அனுப்ப?

உன் கடிதத்தைப் பிரதியெடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டு குடும்பமும் ஒப்பம் வைத்தாயிற்று. திங்கட்கிழமை உன் வங்கித் தலைமையகத்தில் கொடுப்பேன். உன் வேலை போகும். மூன்று நாள் யோசித்தேன். அவர்கள் நம்பக்கூடிய வேறு கடதாசி எங்களிடம் இல்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாங்க. “என்னிடம் அனுப்பிடுங்க” என்பதை மட்டும் வாசித்தேன். “மக கூப்பிட்டுட்டாடா! ஆறு வருஷமாச்சு!” என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாங்க. “கொழும்புச் சீமாட்டி, எங்கள மறந்துறாத” என்று வெள்ளையம்மாக்கா கேலி செய்தாங்க.

ஞாயிறு காலை அம்மாவைப் பஸ் ஏற்றுவேன். இந்தக் கடிதம் அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நீ வந்து நிற்பாய் என்பதில் அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

இந்திரகுமார்