நாறாத சேறு

ஜென்னே,
சனிக்கிழமை.

அன்புள்ள லாசினாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம், உன் இருமல் நின்றதா என்று எழுது. பாரிஸ் குளிரில் காதை மூடாமல் திரிகிறாய் என்று கேள்விப்பட்டேன்.

முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் கையில் வராது. உன் தங்கை நானாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளையின் பெரியப்பா பாமோய் வருகிறார், வாசலில் சுவர் பூச ஊறப்போட்ட சேறு நாறுகிறதே என்று அப்பா போனில் புலம்பியதும், "ப்ளீச்சிங் ஊத்துங்கப்பா, வாடை போயிரும்" என்றாயாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இவர் வீட்டில் இருந்த பாட்டிலையெல்லாம் கவிழ்த்துவிட்டார். வண்டலும் உமியும் சாணமும் அழுகிப் புளித்தால்தான் சேற்றில் பசை ஏறும், அது நுண்ணுயிர்களின் வேலை என்று உனக்கு வகுப்பில் நடத்தியவளே நான்தான். மதிப்பெண்ணும் போட்டேன், என்னைச் சொல்ல வேண்டும்.

பாமோய் வந்தார், குழியருகே குனிந்து முகர்ந்தார். அவர் தியாரா குலம், அவர்களுக்கு நம் த்ராவோரே குலத்தைப் பயறுதின்னி என்று கேலி செய்யப் பரம்பரை உரிமை உண்டே, "என்னப்பா பயறுதின்னி, குழி நாறவே இல்ல? இந்த வருஷம் பூசலியா? வீட்ட வித்துட்டு மகன்கிட்டப் போறீங்களோ?" என்றார். உன் அப்பா விளக்கம் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். அவரும் கூட வந்தவர்களும் தேநீர் குடித்தார்கள், சம்பந்தத்தை உறுதி செய்யக் கொண்டுவந்த கோலாக்கொட்டையைக் கொடுக்காமலே போய்விட்டார்கள். நாம் ஊரைக் காலி செய்கிறோம் என்று மறுநாள் சந்தையில் பேச்சு. நம் வீட்டுக் கொத்தனார் யோனு அந்தச் சேற்றில் ஒரு கை அள்ளி அப்பிப் பார்த்தார், காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. "டீச்சரம்மா, இத நம்பினா மொத மழைக்கே சுவர் எறங்கிரும்" என்றார். நானாவின் அறைச் சுவர் ஏற்கெனவே வெடித்திருக்கிறது, மேகம் வேறு கூடிவிட்டது. அவள் சாப்பிடாமல் கிடந்தாள்.

யார் வீட்டுக்கும் போய் நிற்காதவள் நான், பாமோய் வீட்டுக்குப் போனேன். உங்கள் மூக்குக்குப் பயந்துதான் இவர் குழியில் மருந்து ஊற்றினார் என்று சொன்னேன். பாமோய் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க மூக்குக்கா? எங்க குழி நாத்தத்துல நாங்களே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் சோறு திங்குறோம்!" நேற்று காலை மாப்பிள்ளையும் தம்பிகளும் கூடை கூடையாகத் தங்கள் சேற்றைத் தலையில் சுமந்து வந்தார்கள், சட்டையெல்லாம் ஒழுகியது, தெருவே நாறியது. யோனு அப்பி முடித்த பிறகுதான் பாமோய் கோலாவை அப்பா கையில் வைத்தார். "பொண்ணு இல்லேன்னா இப்பவே சொல்லு பயறுதின்னி, சேத்தச் சுரண்டி எடுத்துட்டுப் போறோம்" என்றார். உன் அப்பா வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து நானா "சுவத்துல கை வைக்காதீங்க" என்று கத்தினாள்.

அறுவடைக்குப் பின் நிக்காஹ், விடுப்புக்கு இப்போதே சொல்லி வை. இனி வீட்டு விஷயத்தில் அப்பாவுக்கு யோசனை சொல்லாதே, என்னைக் கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நிதானமும் தரட்டும்.

உன் அம்மா,
மரியாம்